கோவில் வாசலில் ஒரு பெட்டி: மொரீசியஸ் தமிழ்க் கோவில் நிர்வாக சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சபைத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், விழா நாளில் விடியற்காலை இரண்டு மணிக்கே அடுப்பு மூட்டும் அன்னதானக் குழுவினருக்கும் என் வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஏறக்குறைய அவ்வளவு காலமாகவே எங்கள் ஊர்க் கோவிலில் தைப்பூசத்தன்று பந்தியில் பரிமாறி வருகிறேன். ஆகவே கீழே குறையாகச் சொல்லப்போகும் ஒவ்வொன்றிலும் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நம் கோவில்களில் சேரும் பிளாஸ்டிக் குப்பையையும் பழைய மின்பொருள்களையும் நாம் எப்படி எறிகிறோம் என்பதைப் பற்றியதே இம்மடல். இம்மடலைப் பிரெஞ்சு மொழியில் எழுதியிருந்தால் இன்னும் பலர் படிப்பார்களே என்று என் மகள் கேட்டாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் கோவில் காரியத்தைக் கோவிலின் மொழியில் சொல்லவே எனக்கு மனம் வந்தது. படிக்க இயன்றவர்கள் மற்றவர்களுக்குக் கிரியோலில் எடுத்துச் சொன்னால் போதும்.

சென்ற தைப்பூசத்துக்கு மறுநாள் காலை, பின்கட்டைக் கூட்டிப் பெருக்குவதற்காக நாங்கள் ஆறு பேர் கோவிலுக்குப் போயிருந்தோம். மதில் ஓரமாக நாற்பத்து மூன்று கறுப்பு மூட்டைகள் கிடந்தன. இரவில் நாய்கள் இரண்டு மூன்றைக் கிழித்திருந்தன. பரங்கிக்காய்க் கறியும் சோறும் ஒட்டிய மூடிகள், கரண்டிகள், பாதி குடித்துவிட்டு வீசிய தண்ணீர் போத்தல்கள், காவடியிலிருந்து உதிர்ந்த பிளாஸ்டிக் சாமந்திப் பூக்கள் எல்லாம் தரையெங்கும் இறைந்து கிடந்தன. இதெல்லாம் ஆண்டுதோறும் பார்ப்பதுதான். அந்த ஆண்டு புதிதாக ஒன்று நடந்திருந்தது. விழாவுக்கு இடம் வேண்டும் என்று சாமான் அறையை ஒழித்திருந்தார்கள். அங்கே பல ஆண்டுகளாகக் கிடந்த பழைய ஆம்ப்ளிபயர், எரியாத சரவிளக்குச் சுருள்கள், எட்டுப் பத்து டியூப் லைட்டுகள், வெள்ளைப் பொடி பூத்த பேட்டரிகளோடு ஒரு மைக், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு பவர் பேங்க் ஆகிய அனைத்தும் அதே மூட்டைகளுக்குள் திணிக்கப்பட்டிருந்தன. அந்தப் பவர் பேங்க் எண்ணெயில் போட்ட அப்பளம் போல உப்பியிருந்தது.

ஏழரை மணிக்கு, நாம் ‘காமியோன் சால்தே’ என்று சொல்லும் குப்பை லாரி வந்தது. உப்பிய அந்தப் பொருளை நான் தனியே எடுத்து வைத்ததைப் பார்த்த தொழிலாளி ஒருவர், சில வாரங்களுக்கு முன் இப்படிப்பட்ட ஒன்று லாரிக்குள் நசுங்கிப் புகை வந்ததையும், நடுச்சாலையில் சரக்கு முழுவதையும் கொட்டித் தண்ணீர் ஊற்றி அணைத்ததையும் சொன்னார். சொல்லிவிட்டு மற்ற மூட்டைகளை வழக்கம்போல் ஏற்றினார். டியூப் லைட்டுகள் உடையும் ஓசை எங்கள் காதில் விழுந்தது. அவர் முகத்தில் துணிகூடக் கட்டியிருக்கவில்லை. அன்றைக்கு வாய் திறவாமல் நின்றதற்கான பரிகாரமாகத்தான் இம்மடலை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொழிலாளி சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. கைப்பேசியிலும் பவர் பேங்கிலும் உள்ள லித்தியம் பேட்டரிக்குள் இரு மின்முனைகளையும் பிரித்து வைப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம்தான். குப்பை லாரியின் அழுத்து எந்திரம் அதை நசுக்கினால் முனைகள் ஒன்றையொன்று தொட்டுச் சூடேறி, உள்ளே இருக்கும் எளிதில் தீப்பற்றும் திரவம் பற்றிக்கொள்ளும். டியூப் லைட்டுக்குள் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. உடைந்த கணத்தில் அருகில் நிற்பவர் அதன் ஆவியைச் சுவாசிக்கிறார். மண்ணிலும் நீரிலும் சேரும் மிச்சத்தைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசம் என்னும் நச்சாக மாற்ற, அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி நம் தட்டுக்குத் திரும்புகிறது. பழைய பெட்டித் தொலைக்காட்சியின் கண்ணாடிக் குழாயில் ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட ஈயம் இருக்கக்கூடும். ஈயத்தில் இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. அது முதலில் தாக்குவது மூளையை. வகுப்பில் எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிய காலம் எனக்கும் உண்டு. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

லாரி கோவிலைவிட்டுப் போன பிறகு அது எங்கே போகிறது என்பதை நாம் பேசுவதே இல்லை. ரோஷ் புவா, சேன் மார்த்தேன், லா பிராசரி போன்ற, குப்பையை வண்டி மாற்றி ஏற்றும் நிலையங்கள் வழியாக எல்லாம் இறுதியில் தென்கிழக்கே மார் ஷிக்கோஸில் போய்ச் சேர்கின்றன. 1997இல் திறக்கப்பட்ட அந்த ஒரே நிலநிரப்பிடம்தான் (குப்பையைக் கொட்டிப் புதைக்கும் இடம்) இன்றுவரை இத்தீவின் குப்பை முழுவதையும் தாங்குகிறது. பக்கவாட்டில் விரிய இடமில்லாததால் அது மேல்நோக்கி வளர்கிறது. அங்கே குடியிருந்தவர்கள் நாற்றம் தாங்காமல் போராடி, கடைசியில் ஊரையே விட்டு வேறிடம் போக நேர்ந்தது. கோர் தெ கார்ட் மலைச்சரிவில் முருகனுக்கு நம் முன்னோர் கோவில் எழுப்பினார்கள். நம் தலைமுறை எழுப்பிய மலை மார் ஷிக்கோஸில் இருக்கிறது. அந்த மலை தீப்பிடித்துப் புகைந்ததையும் தொலைக்காட்சியில் பார்த்தோம், பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனோம்.

லாரியில் ஏறாத மின்கழிவு (பயன்படாத பழைய மின்பொருள்கள்) வேறொரு வழியில் போகிறது. என்னிடம் படித்த பையன் ஒருவன் (இப்போது அவனுக்கு முப்பது வயதுக்கு மேல்) கரும்புத் தோட்டத்து ஓரத்தில் பழைய மின்கம்பிகளைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்ததை ஒருநாள் மாலை நடைப்பயிற்சியில் பார்த்தேன். மேலுறை எரிந்துபோனால் உள்ளே இருக்கும் செம்பு மிஞ்சும். பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்குக் காசு தருவார். “வேலையில்லை சார்” என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தக் கறுப்புப் புகையில் என்ன இருக்கிறது என்பதை அவன் அறியமாட்டான். கம்பியின் மேலுறையான பிவிசி என்னும் பிளாஸ்டிக்கில் குளோரின் இருக்கிறது. குறைந்த வெப்பத்தில், செம்பின் முன்னிலையில் அது எரியும்போது டையாக்சின் என்னும் நச்சுகள் உருவாகின்றன. அவை காற்றில் கரைந்து மறைந்துவிடுவதில்லை. அக்கம்பக்கத்துப் புல்லிலும் கரும்புத் தோகையிலும் படிகின்றன. தோகையை மாடு தின்கிறது, மண்ணைக் கோழி கிளறுகிறது. கொழுப்பில் தங்கும் நச்சு என்பதால் அது பாலிலும் முட்டையிலும் வந்து சேர்கிறது. புற்றுநோயையும் கருவில் உள்ள குழந்தையின் வளர்ச்சிக் குறைபாட்டையும் டையாக்சினோடு மருத்துவ உலகம் எப்போதோ தொடர்புபடுத்திவிட்டது. பத்து நாள் விரதம் இருந்து, ஊரில் மாடு வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கிச் செம்பில் நிரப்பி, தலையில் சுமந்து வந்து முருகனுக்கு அபிஷேகம் செய்கிறோமே, அந்தப் பாலைச் சொல்கிறேன். திரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டே நடக்கிறோம்.

இது ஏதோ ஓரிரு பையன்களோடு நிற்கும் சிறு விஷயம் என்று எண்ணவேண்டாம். 2022இல் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்ததாகவும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. 2019ஆம் ஆண்டுக் கணக்கில் ஆப்பிரிக்காவின் சராசரி தலைக்கு 2.5 கிலோ, நம் நாட்டிலோ தலைக்கு ஏறக்குறைய 10 கிலோ. வசதி வந்ததன் மறுபக்கம் இது. இத்தனை சிறிய தீவில் மின்சுற்றுப் பலகைகளை உருக்கி உலோகம் பிரிக்கும் ஆலை கட்டுப்படியாகாது. இங்கே பிரித்தெடுத்து, கண்டெய்னரில் அடைத்து, வெளிநாட்டு ஆலைக்கு அனுப்பவேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அபாயக் கழிவுகள் நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் உடன்படிக்கையின் திருத்தப்படி எந்த மின்கழிவானாலும் இறக்குமதி செய்யும் நாட்டின் முன்னிசைவு இல்லாமல் கப்பலேற்ற முடியாது. இவ்வளவு செலவும் ஆவண வேலையும் செய்து அனுப்பும் கண்டெய்னர் நிறைந்திருக்க வேண்டாமா? உரிமம் பெற்ற மறுசுழற்சியாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள். ஆனால் பொருள் அவர்களிடம் போய்ச் சேர்வதில்லை. வீட்டு இழுப்பறையிலும் கோவில் சாமான் அறையிலும் கிடந்துவிட்டு ஒருநாள் கறுப்பு மூட்டைக்குள் போகிறது. எனவே நம் கண்ணி அறுந்திருப்பது திரட்டும் இடத்தில்தான். அதை முடிச்சுப்போட ஊர்க் கோவிலைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்லவேண்டியது வேறு வகை. இங்கே சட்டம் முன்னே போய்விட்டது, நாம் பின்தங்கி நிற்கிறோம். பிளாஸ்டிக் பைக்குத் தடை 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. தட்டு, குவளை, கிண்ணம், கரண்டி, உறிஞ்சுகுழல், மூடி, உணவுப்பெட்டி உள்ளிட்ட பத்து வகை மட்காத பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2021 ஜனவரி 15 முதல். தடையை மீறுகிறோம் என்று நம்மில் எவரும் நினைப்பதில்லை, ஏனெனில் கடைக்காரர் ‘மட்கும் வகை’ என்று எழுதிய பெட்டியைத் தருகிறார். அவற்றுள் பலவும் தொழிற்சாலை உரக்கூடத்தின் வெப்பத்தில்தான் மட்கும். ஆற்றங்கரைப் புதரில் கிடந்தால் மற்ற பிளாஸ்டிக்கைப் போலவேதான் கிடக்கும். கரும்புச் சக்கையில் செய்த தட்டுகள் நல்லவை. ஆனால் எங்கு பார்த்தாலும் கரும்பு விளையும் நாட்டில், சக்கையை ஆலையில் எரித்து மின்சாரம் எடுத்துவிட்டு, வெளிநாட்டு முத்திரையோடு கப்பலில் வந்த சக்கைத் தட்டை நான் காசு கொடுத்து வாங்கி வந்ததை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

நம் ஏழு கறி விருந்துக்குத் தட்டே தேவையில்லையே. செத் காரி என்று இந்தத் தீவில் எல்லா இனத்தவரும் ஆசையாகக் கேட்டு வந்து உண்ணும் அந்த விருந்தை வாழையிலையில் அல்லாமல் வேறொன்றில் என் பாட்டி பரிமாறியதே இல்லை. பலாக்காய்க்கு ஓரிடம், கத்தரிக்காய்க்கு ஓரிடம், நடுவில் சோறு, ரசத்துக்குச் சோற்றில் ஒரு குழி என்று இலையில் ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. மூன்று தடுப்புள்ள பெட்டியில் ஏழு கறியையும் அடைத்தால் அது ஒரே கறியாகிவிடுகிறது. உண்டு முடித்த இலை, சோற்றுப் பருக்கையோடும் கறியோடும் அப்படியே எருக்குழிக்குப் போகலாம். மூன்று நான்கு மாதத்தில் அது கோவில் வாழைத் தோட்டத்துக்கே உரமாகத் திரும்பும். மார் ஷிக்கோஸுக்குப் போகும் குப்பையில் பாதிக்கு மேல் இப்படி மட்கக்கூடியதுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இலைக்கு எதிராகச் சபைக் கூட்டங்களில் சொல்லப்படும் காரணங்களை நான் அறிவேன், சில நியாயமானவை. 2024 ஜனவரி 15இல் பெலால் புயல் வீசியது, பத்து நாள் கழித்து 25ஆம் தேதி தைப்பூசம். வாழை மரங்கள் சாய்ந்து, நின்றவற்றின் இலைகள் நார்நாராகக் கிழிந்து கிடந்தபோது இலைக்கு எங்கே போவது? அத்தகைய ஆண்டில் சக்கைத் தட்டே சரி, அதில் வீம்பு தேவையில்லை. வேலை முடிந்து வருபவர் வீட்டுக்கு எடுத்துப்போக விரும்புவதும் உண்மை. அவர்கள் வீட்டிலிருந்து தூக்குப்பாத்திரம் கொண்டுவரட்டும் என்று பத்து நாள் விரதத்தின்போது நாள்தோறும் ஒலிபெருக்கியில் அறிவித்தால் மூன்றாம் நாளே பழகிவிடும் என்பது என் நம்பிக்கை. தண்ணீர்ப் போத்தலுக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர் என்றால், கழுவுவதற்குத் தண்ணீர் எங்கே என்கிறார்கள். குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும் மாதங்களில் இது நியாயமான கேள்விதான். ஒரு தொட்டியும் கழுவும் வரிசைக்கு ஆறு தொண்டர்களும் இல்லாமல் இது நடக்காது. டம்ளர் வாங்கப் பணம் இல்லை என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். உபயதாரர் பெயரைப் பொறித்துத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். நம் மக்களுக்குப் பெயர் பொறிப்பதில் உள்ள ஆர்வத்தில் ஒரே வாரத்தில் ஆயிரம் டம்ளர் சேர்ந்துவிடும்.

காவடி அலங்காரத்தைப் பற்றி ஒரு சொல் மட்டும். ஆற்றங்கரையில் காவடி கட்டும்போது தென்னங்குருத்தும் செவ்வந்தியும் எலுமிச்சையும் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் பூவும் ஜிகினாத் தாளும் வந்துவிட்டன. ஊர்வலம் புறப்பட்ட பிறகு கரையில் கிடப்பது முதல் மழையில் ஆற்றுக்குள் போகிறது, ஆறு கொண்டுபோய்க் கடலில் சேர்க்கிறது. குருக்கள்மார் கொடியேற்றத்தன்று இதைச் சொன்னால், நூறு அறிவிப்புப் பலகையைவிட அது பலிக்கும்.

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன். ஒவ்வொரு கோவிலிலும் மழை படாத ஓரிடத்தில், பூட்டுப் போட்ட ஒரு மரப்பெட்டி வைக்கவேண்டும் என்பதே என் கோரிக்கை. அதில் மூன்று அறைகள் போதும்: கைப்பேசி, சார்ஜர், கம்பி போன்றவை ஒன்றில், பேட்டரிகள், முனைகளில் ஒட்டுநாடா ஒட்டப்பட்டு, இன்னொன்றில், டியூப் லைட்டும் பல்பும் அட்டைக்குழாயில் சுற்றப்பட்டு மூன்றாவதில். உப்பிய பேட்டரியைப் பெட்டிக்குள் போடவே கூடாது. அதற்கென்று உலர்ந்த மணல் நிரப்பிய தகர டின் ஒன்று கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். பெட்டியில் விழுந்ததை எவரும் திறக்கவோ, உடைக்கவோ, எடைக்கு விற்கவோ கூடாது என்பதைச் சபைத் தீர்மானமாகவே எழுதிவைக்க வேண்டும். மாதம் ஒருமுறை, எழுத்தில் ரசீது தரும் உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். பழைய தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி போன்ற பெரிய பொருள்கள் இதில் சேரா; அவற்றுக்கு நகர சபைகளும் மாவட்ட சபைகளும் அவ்வப்போது பெரும் கழிவு திரட்டும் நாள் அறிவிக்கின்றன, அந்தத் தேதியைக் கோவில் பலகையில் எழுதிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். முற்றத்தில் கவிழ்த்துப் போட்ட தொலைக்காட்சிக் கூட்டில் தேங்கும் மழைநீரில் எந்தக் கொசு முட்டையிடும் என்பதை 2006இல் சிக்குன்குனியாவில் மூட்டு முடங்கிக் கிடந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஏன் கோவில் என்று கேட்கலாம். அது அரசின் வேலை என்றும் சொல்லலாம். அரசின் வேலைதான், மாவட்ட சபைகள் ஊருக்கு ஒரு நிரந்தரத் திரட்டும் இடம் அமைக்கவேண்டும் என்று உங்கள் கையொப்பத்தோடு மனு அனுப்புங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால் அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் உழைப்பாளி வேலையில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலை பூசைக்கு அவர் கோவிலுக்கு வருகிறார், அவருடைய பிள்ளை மாலைநேரத் தமிழ் வகுப்புக்கு வருகிறது. கம்பி எரித்த அந்தப் பையனும் தைப்பூசத்தன்று காவடி எடுப்பவன்தான். சபை அவனுக்கு ஒரு சிறு கூலி கொடுத்து, வீடு வீடாகப் போய்ப் பழைய பொருள்களை வாங்கிவந்து பெட்டியில் சேர்க்கும் வேலையை ஒப்படைத்தால், அவன் தீ மூட்டுவதற்கு அவசியமே இருக்காது. இதை அவனிடமே கேட்டேன். எவ்வளவு தருவீர்கள் என்று திருப்பிக் கேட்டான். பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கோவிலுக்கான பெட்டியை என் செலவிலேயே தச்சரிடம் செய்யச் சொல்லியிருக்கிறேன்: நான்கடி நீளம், இரண்டடி அகலம், மேலே தகரக் கூரை. அடுத்த சபைக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருவேன். எங்கே வைப்பது, சாவி யாரிடம் இருப்பது என்ற இரண்டை மட்டும் அன்று முடிவு செய்துவிடுங்கள். அன்று நான் எடுத்து வைத்த பவர் பேங்க் இன்னும் என் வீட்டுத் தோட்டத்தில், பழைய பிஸ்கட் டின்னில், மணலுக்குள் இருக்கிறது. அதை ஒப்படைக்க இன்றுவரை எங்கள் ஊரில் ஓர் இடம் இல்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பிளேன் வில்லெம்ஸ் வட்டாரம், மொரீசியஸ்